பல்லின் நோவும் வினையின் கணக்கும்

மனித உடலில் மிகக் கடினமான பொருள், பல்லின் மேலுறையாகிய எனாமல். எலும்பைவிடக் கெட்டியான அந்த உறைக்கு உள்ளேதான், முப்பத்திரண்டு பற்களிலும் உள்ளதைத் திரட்டினாலும் ஒரு கன சென்டிமீட்டரில் பாதியைக்கூட எட்டாத மென்திசு ஒன்று அடைபட்டுக் கிடந்து, மனிதன் அறிந்த வலிகளில் மிகக் கூர்மையான ஒன்றை எழுப்புகிறது. வலி வினைப்பயன் என்று சொல்லும் சமயமும், அது இறைவனின் கொடை என்று சொல்லும் சமயமும் இந்தச் சிற்றறையின் முன் நின்று விடை சொல்லியாக வேண்டும். போர்க்களக் காயத்துக்கும் பேறுகால நோவுக்கும் ஒரு பொருள் கற்பிப்பது எளிது. இரவெல்லாம் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பவரின் பல்வலியை வீரம் என்றோ தவம் என்றோ சொல்ல எவருக்கும் மனம் வராது. சேலம், நாமக்கல் சமவெளியில் இக்கேள்விக்கு இரண்டு பெரும் விடைகள் அந்த மண்ணோடு தொடர்புடையனவாகவே கிடைக்கின்றன. ஒன்று ஏழாம் நூற்றாண்டில் திருச்செங்கோட்டில் பாடப்பட்டது. மற்றொன்று, 1914-இல் கொல்லிமலையில் பிறந்த ஒரு மருத்துவர் தம் வாழ்நாள் உழைப்பின் வழியே வந்தடைந்தது. பல்லின் நரம்பமைப்பு இவ்விரண்டையும் எவ்வளவு தூரம் தாங்குகிறது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

திருச்செங்கோட்டுக்குத் தேவாரத்தில் கொடிமாடச்செங்குன்றூர் என்று பெயர். திருஞானசம்பந்தர் கொங்குநாட்டில் அவ்வூரில் தங்கியிருந்தபோது பனிக்காலம் தொடங்கியதாகவும், உடன்வந்த அடியார்களை நளிர்சுரம், அதாவது நடுக்கத்தோடு வரும் குளிர்காய்ச்சல் பற்றியதாகவும், அது அந்நாட்டின் இயல்பு என்று அவரிடம் கூறப்பட்டதாகவும் பன்னிரண்டாம் நூற்றாண்டின் பெரியபுராணம் சொல்கிறது. நிலத்தின் இயல்பாயினும் அது தம்மவரைப் பற்றலாகாது என்று துணிந்து சம்பந்தர் பாடியதே திருநீலகண்டப் பதிகம். அதன் முதற்பாடலின் கருத்து, வினைக் கோட்பாட்டை ஏற்றுக்கொண்டவர்களை நோக்கிய ஒரு கடிந்துரையாகவே அமைந்துள்ளது: முன்செய்ததற்கு ஏற்ப இப்பயன் வருகிறது என்று வாயால் சொல்லிக்கொண்டு, அதிலிருந்து உய்யும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறையன்றோ என்று அது கேட்கிறது. வினை உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. அதைச் சொல்லிக் கைகட்டி நிற்பதையே மறுக்கிறார். நஞ்சை விழுங்காமல் மிடற்றில் நிறுத்திய நீலகண்டனின் பெயரை ஆணையாக வைத்து அவர் பாடினார் என்பதும், அடியார்களைப் பற்றிய நோயோடு அந்நாட்டைப் பற்றிய நோயும் அகன்றது என்று மரபு சொல்வதும் இங்கு மிகவும் பொருட்படுத்தத் தக்கவை. பாடியவர் தனியொருவரின் வினைக்கணக்கைப் புரட்டிப் பார்க்கவில்லை. ஊரின் காய்ச்சலைத் தீர்த்தார்.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பகுக்கும். பல பிறவிகளில் ஈட்டப்பட்டு இன்னும் நுகரப்படாமல் கிடப்பது சஞ்சிதம். இந்த உடலோடு கூடவே நுகர்ச்சிக்கு வந்திருப்பது பிராரத்தம். அதை நுகரும்போதே புதிதாக வந்து ஏறுவது ஆகாமியம். உயிரைப் பக்குவப்படுத்துவதற்காக இறைவனே துன்பத்தைக் கூட்டுவிக்கிறான் என்றும், கடுமையாகத் தோன்றும் அச்செயலும் அருளே என்றும் கொண்டு அதனை மறக்கருணை என்று சித்தாந்த நூல்கள் அழைக்கும். உள்ளிருந்து பார்க்கும் ஓர் அடியாருக்கு இந்த எண்ணம் பெருந்துணையாகும் என்பதில் ஐயமில்லை. ஆனால் வெளியில் நிற்பவர் இதையே எடுத்து நோயாளியின் மீது வைக்கும்போது, ஆறுதலாக இருந்தது குற்றச்சாட்டாக மாறிவிடுகிறது. இந்த வேறுபாட்டை நரம்பியல் எதிர்பாராத வகையில் தெளிவாக்குகிறது.

பல்லின் உட்புறத்தை வெளியிலிருந்து உள்நோக்கிப் பார்த்தால், முதலில் எனாமல், அதற்கடியில் டென்டைன், நடுவில் பற்கூழ் என்று மூன்று அடுக்குகள் உள்ளன. எனாமலில் உயிருள்ள செல்லும் இல்லை, நரம்பும் இல்லை. எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமம். டென்டைன் முழுவதையும் நுண்குழல்கள் துளைத்துச் செல்கின்றன. பற்கூழை ஒட்டிய பகுதியில் ஒரு சதுர மில்லிமீட்டரில் இவை 45,000-க்கும் மேல் இருக்கும். பற்கூழ் என்பது இரத்தக் குழாய்களும் நரம்பிழைகளும் இணைப்புத் திசுவும் சேர்ந்த மென்பொருள். அதன் விளிம்பில், டென்டைனை உருவாக்கும் செல்கள் ஒரு வரிசையாக நின்று, தம் நீட்சிகளை அந்த நுண்குழல்களுக்குள் செலுத்தியுள்ளன. பல்லுக்கு உணர்ச்சி கொண்டுவருவது ஐந்தாம் மண்டை நரம்பு. முகத்தில் மூன்று பெருங்கிளைகளாகப் பிரிவதால் முக்கிளை நரம்பு என்று சொல்லத்தக்க அதன் இரண்டாம் கிளை மேல்தாடைப் பற்களுக்கும் மூன்றாம் கிளை கீழ்த்தாடைப் பற்களுக்கும் செல்கின்றன. கீழ்த்தாடை எலும்பின் உட்பக்கத்தில் ஒரு துளை வழியே நுழைந்து, எலும்புக்குள்ளேயே ஒரு கால்வாயில் ஓடி, ஒவ்வொரு வேருக்கும் இழை பிரித்துக் கொடுத்துச் செல்லும் கீழ்ப்பல் நரம்பு அம்மூன்றாம் கிளையின் பகுதியே.

வேரின் நுனியில் உள்ள மிகச் சிறிய துளை வழியாக இரத்தக் குழாய்களோடு நரம்பும் உள்ளே புகுகிறது. ஒரு முன்கடைவாய்ப் பல்லுக்குள் மட்டும் இவ்வாறு 2,000-க்கும் மேற்பட்ட நரம்பிழைகள் செல்லக்கூடும். அவற்றுள் பெரும்பாலானவை மயலின் என்னும் கொழுப்புறை அற்ற சி இழைகள். வினாடிக்கு இரண்டு மீட்டரைத் தாண்டாத வேகத்தில் செய்தி கடத்தும் இவைதாம் அழுந்திக் குடையும் மந்தமான வலியைத் தருகின்றன. எஞ்சியவற்றில் பெரும்பகுதி மெல்லிய மயலின் உறை உடைய ஏ-டெல்டா இழைகள். குளிர்ந்த நீர் பட்டதும் மின்னலாய்ப் பாயும் கூச்சம் இவற்றுடையது. வேரில் கற்றையாக ஏறும் இவ்விழைகள் பல்லின் தலைப்பகுதியை அடைந்ததும் விரிந்து பிரிந்து, டென்டைன் செல்வரிசைக்குச் சற்று உள்ளே ஓர் அடர்ந்த வலையாகப் பின்னிக்கொள்கின்றன. பிரெஸ்லாவ் நகரில் உடலியல் அறிஞர் புர்கின்யேயின் மாணவராக இருந்த ராஷ்கோவ் 1835-இல் விவரித்த இந்த வலை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. வலையிலிருந்து கிளம்பும் சில நுனிகள் உறையைக் களைந்துவிட்டு, செல்வரிசையைக் கடந்து, நுண்குழல்களுக்குள்ளும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நுழைகின்றன. அதற்கு மேல் போவதில்லை. அப்படியிருக்க, நரம்பே எட்டாத டென்டைனின் வெளிப்பரப்பைத் தொட்டால் ஏன் கூசுகிறது என்ற கேள்வி நெடுங்காலம் நின்றது. குழல்களை நிரப்பியுள்ள நீர்மம் குளிராலோ காற்றாலோ இனிப்பாலோ இடம்பெயர, அந்த அசைவே உள்ளிருக்கும் நரம்பு நுனியைத் தூண்டுகிறது என்று ஸ்வீடனைச் சேர்ந்த பிரன்ஸ்ட்ரோம் 1960-களில் சோதனைகளால் நிறுவிய விளக்கமே இன்று பெரும்பாலும் ஏற்கப்படுகிறது. அண்மை ஆண்டுகளில், டென்டைனை உருவாக்கும் செல்களே குளிரை உணரும் புரதத்தைக் கொண்டுள்ளன என்பதும் தெரியவந்திருக்கிறது.

இந்த அமைப்பில் மெய்ப்பொருள் நாட்டம் உடையவர் நின்று நோக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தோலில் வெம்மை வெம்மையாகவும் தண்மை தண்மையாகவும் தொடுதல் தொடுதலாகவும் தெரிகின்றன. பற்கூழுக்குள் இந்த வேற்றுமைகள் ஏறத்தாழ முழுவதும் அழிந்துவிடுகின்றன; எது வந்து தூண்டினாலும் உணர்வுக்கு எட்டுவது வலி ஒன்றே. இடம் அறியும் ஆற்றலும் அங்கு மிகக் குறைவு. மெல்லும்போது எந்தப் பல்லில் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று துல்லியமாகச் சொல்லும் நரம்புகள் பல்லுக்குள் இல்லை. வேரைத் தாடையெலும்போடு பிணைக்கும் சவ்வில் உள்ளன. ஆகவே பற்கூழ் மட்டும் அழலும்போது எந்தப் பல் என்று நோயாளியால் சுட்டிக்காட்ட முடிவதில்லை. மேல்பல்லின் வலியைக் கீழ்பல்லில் உணர்வதும், கடைவாய்ப் பல்லின் வலியைக் காதில் உணர்வதும், இதயத்துக்கு இரத்தம் குறையும்போது எழும் வலியைக் கீழ்த்தாடையில் உணர்வதும் உண்டு. வெவ்வேறு இடங்களின் இழைகள் மூளைத்தண்டில் ஒரே நரம்புச் செல்லில் வந்து குவிவதால், மேலே செல்லும் செய்தியில் புறப்பட்ட இடம் மங்கிவிடுகிறது. அங்கிருந்து தலாமஸ் வழியாகப் பெருமூளைப் புறணிக்குப் போன பிறகே அது வலி என்னும் அனுபவமாகிறது.

எனவே வலிப்பது பல்லா என்று கேட்டால், இல்லை என்றே விடை சொல்ல வேண்டியிருக்கிறது. பிடுங்கப்பட்ட பல்லின் வெற்றிடத்தில் வலி தொடரும் நோயாளிகள் உண்டு. அதேபோல், கீழ்த்தாடைத் துளையருகே மரப்பு மருந்து செலுத்தப்பட்டபின், பல் குடையப்படும்போதும் வலி எழுவதில்லை; அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் கொக்கெய்னைக் கொண்டு இதை 1880-களிலேயே செய்து காட்டினார். பல் இல்லாமலும் வலி இருக்கக்கூடும், பல் இருந்தும் வலி இல்லாமல் போகக்கூடும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சைவ சித்தாந்த நூலாகிய சிவஞானபோதத்தின் மூன்றாம் நூற்பா, உடலை மாயையாலான ஓர் எந்திரமாகக் கொண்டு, அதனுள் உயிர் வேறாக உண்டு என்பதற்குக் காரணங்களை அடுக்குகிறது. என் உடல் என்று உடைமையாகச் சொல்வதும், ஒவ்வொரு பொறியும் தன் புலனை மட்டும் அறிய அவை எல்லாவற்றையும் ஒருவனே அறிவதும், ஆழ்ந்த உறக்கத்தில் மூச்சு ஓடியும் நுகர்ச்சி இல்லாமையும் அவற்றுள் அடங்கும். கருவி தானே அறிவதில்லை, கருவியின் வழியாக அறிவது வேறொன்று என்ற அந்த வாதத்துக்குப் பல்லைவிடக் கச்சிதமான எடுத்துக்காட்டு உடலில் வேறில்லை. ஆயினும் நரம்பியல் உயிரை மெய்ப்பித்துவிட்டது என்று துள்ளுவது தவறு. செய்தி செல்லும் பாதையையே அது காட்டுகிறது. பாதையின் முடிவில் உணர்பவர் யார் என்ற கேள்வியை விட்ட இடத்திலேயே விடுகிறது. கட்டுநிலையில் கருவியின்றி உயிர் எதையும் அறியாது என்று சித்தாந்தமும் ஒப்புக்கொள்வதால், மரப்பு ஊசி அதன் வாதத்தைக் கெடுப்பதுமில்லை.

இனி இரண்டாம் விடை. ஜெஸ்ஸி, எவலின் பிராண்ட் என்னும் கிறித்தவ ஊழியத் தம்பதியருக்கு 1914 ஜூலை 17 அன்று கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், இங்கிலாந்தில் மருத்துவம் கற்று, 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், நோய்க்கிருமி நரம்பைத் தாக்கி உணர்ச்சியைப் போக்குவதும், அதனால் தீக்காயமும் வெட்டுக்காயமும் கவனிக்கப்படாமல் போவதுமே அவ்வழிவுக்குக் காரணம் என்று அவர் காட்டினார். பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில், உணர்ச்சியற்ற கைகளுக்காகச் செயற்கை வலியமைப்பு ஒன்றை உருவாக்க முயன்றபோது, ஒலியாலும் ஒளியாலும் தரப்பட்ட எச்சரிக்கையை நோயாளிகள் புறக்கணித்தார்கள். மின்னதிர்ச்சியாக மாற்றியபோது, வேலை முடியும்வரை கருவியை அணைத்துவைத்தார்கள். வலி பயன்பட வேண்டுமானால் அது மனிதனின் விருப்பத்துக்குக் கட்டுப்படாததாக இருக்க வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. 1993-இல் எழுத்தாளர் பிலிப் யான்சியுடன் எழுதிய நூலில், வலியை எவரும் வேண்டாத ஒரு கொடை என்றே அவர் அழைத்தார். பிறவியிலேயே வலி உணர்வற்ற குழந்தைகள் தம் நாவைக் கடித்துக் குதறிக்கொள்வதும் பற்களைத் தாமே பிடுங்கிக்கொள்வதும் அவர் சொன்னதை உறுதிப்படுத்துகின்றன. மறக்கருணையும் இந்தக் கொடையும் வெவ்வேறு சமயங்களின் மொழிகளாயினும், துன்பத்துக்கு ஒரு நோக்கம் உண்டு என்பதில் ஒன்றுபடுகின்றன.

பிராண்டின் வாதம் கைக்கும் காலுக்கும் முழுமையாகப் பொருந்துகிறது. பல்லுக்குப் பாதிதான் பொருந்துகிறது. சுட்ட கையை நெருப்பிலிருந்து இழுத்துக்கொள்ளலாம். அழலும் பற்கூழிலிருந்து எதை எங்கே இழுப்பது? சொத்தை எனாமலைத் துளைக்கும் காலம் முழுவதும் வலியே இல்லை, ஏனெனில் அங்கு நரம்பில்லை. டென்டைனை எட்டும்போது எழும் கூச்சம் மெய்யாகவே நல்ல எச்சரிக்கை. அப்போதே மருத்துவரிடம் போனால் பல் பிழைக்கும். ஆனால் பெரும்பாலோரை எழுப்புவது அதன்பின் வரும் பெருவலிதான். மற்ற உறுப்புகள் அழற்சியில் வீங்கி அழுத்தத்தைத் தணித்துக்கொள்கின்றன. பற்கூழோ, நான்கு புறமும் இறுகிய சுவருக்குள், வேர்நுனியின் சிறுதுளையைத் தவிர வேறு வழியின்றி, அழுத்தம் ஏற ஏறத் தன் நரம்பையே நெரிக்கிறது. தலையணையில் சாய்ந்ததும் தலைக்கு இரத்தம் கூடி வலி மிகுவதால்தான் பல்வலி இரவு நோயாகிறது. இவ்வளவுக்கும் பின்னர், பற்கூழ் இறந்துபோகும் நாளில் வலி ஓய்கிறது. குணமாகிவிட்டது என்று நோயாளி நிம்மதி கொள்ளும் அந்நேரத்தில் தொற்று வேர்நுனி வழியாகத் தாடையெலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. வலி என்னும் காவலன் வர வேண்டிய வேளையில் வராமல், வந்தபின் ஓயாமல் கூவி, ஆபத்து முற்றும்போது மௌனமாகிறான். வலி நோக்கமுடையது என்ற கூற்றைப் பொதுவாக ஏற்கலாம். ஒவ்வொரு வலியும் நோக்கமுடையது என்று நீட்டினால் பல் அதை ஏற்காது.

சேலம், நாமக்கல் வட்டாரத்தின் நிலத்தடிப் பாறை இதைவிடக் கடுமையான சான்று ஒன்றை வைத்திருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைப் போலவே இங்கும் பல இடங்களில், கெட்டிப்பாறையின் கனிமங்களிலிருந்து கரையும் ஃபுளோரைடு ஆழ்துளைக் கிணற்று நீரில் மிகுந்திருக்கிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பதும், வேறு நீர் இல்லாதவிடத்து 1.5 மில்லிகிராம் வரை என்பதும் இந்தியத் தர அளவு. அதற்கு மேற்பட்ட நீரைக் குழந்தைகள் தொடர்ந்து குடிக்கும்போது, தாடையெலும்புக்குள் நிலைப்பற்களின் எனாமலை வார்த்துக்கொண்டிருக்கும் செல்களின் வேலை கெட்டு, முளைத்துவரும் பல் வெண்திட்டுகளோடும், கடுமையானால் பழுப்புக் கறையோடும் குழிகளோடும் வருகிறது. இக்கேடு நிகழும் காலம், பெரும்பாலும் பிறந்ததிலிருந்து எட்டு வயது வரை. அந்த ஆண்டுகளில் பல்லைக் கெடுக்கும் எதையும் எந்த நரம்பும் அறிவிப்பதில்லை, வலியே இல்லை. பல் எலும்புக்குள் இருக்கிறது, அதன் நரம்புவலை இன்னும் முழுமைபெறவில்லை, கெடும் பொருளுக்கோ நரம்பே கிடையாது. பத்து வயதில் சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்ளும் பிள்ளைக்கு, காவல் நரம்பு எந்த உதவியும் செய்யவில்லை. வாயில் புகையிலையையும் பாக்கையும் அடக்கிக்கொண்டு இரவெல்லாம் வண்டி ஓட்டுபவரின் கன்னத்தில் தோன்றும் புற்றுநோயின் தொடக்கமும் பெரும்பாலும் வலியற்றதே.

வலியின் அளவைக் குற்றத்தின் அளவாகக் கொள்ளும் எண்ணம் இங்கே முற்றிலும் உடைகிறது. கறைபடிந்த பற்களோடு ஒரு தெருவே இருக்குமானால், அத்தெருவின் பிள்ளைகள் அனைவரும் ஒரே வினையை ஈட்டினார்கள் என்று சொல்வதைவிட, அவர்கள் அனைவரும் ஒரே குழாயில் நீர் பிடித்தார்கள் என்று சொல்வது உண்மைக்கு நெருக்கமானது. வினையை நம்புகிறவர் அதற்கு அப்பால் ஒரு மூலகாரணத்தைக் கருதலாம். ஆனால் அண்மைக் காரணம் கண்முன் இருக்கும்போது அதைத் தாண்டிப் போவது சம்பந்தர் கடிந்த அதே குறையாகும். பல்லில் பூச்சி இருக்கிறது என்று சொல்லிக் கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்த நாட்டு வழக்கம்கூட, அறிவியல் நோக்கில் தவறானதாயினும், அறத்தின் நோக்கில் மேலானது: அது நோயாளியைக் குற்றவாளியாக்கவில்லை, நோய்க்கு ஒரு புறக்காரணத்தைத் தேடியது, தீர்க்க முயன்றது. கிராம்பை மென்று வலியை அடக்கிய பாட்டிமாரின் மருந்து இன்றும் பல் மருத்துவர்களிடம் இருக்கிறது. கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினால் பற்கூழ் நரம்பைத் தணிக்கும் பொருள்.

நீலகண்டப் பதிகம் பிறந்த திருச்செங்கோட்டு வட்டாரத்தில் இன்று பல் மருத்துவக் கல்லூரிகள் நடக்கின்றன. அங்கே கெட்ட பற்கூழை நரம்போடு களைந்து அறையை அடைக்கும் வேர் சிகிச்சையை மாணவர்கள் பயில்கிறார்கள். களைந்த பின்னும் பல் தன் இடத்தில் நிற்கிறது, மெல்லுகிறது, வேரைச் சூழ்ந்த சவ்வின் வழியே அழுத்தத்தையும் உணர்கிறது. போனது வலிக்கும் ஆற்றல் மட்டுமே. இறைவன் தந்த கொடையை மனிதன் வெட்டி எறிந்துவிட்டான் என்று பிராண்ட் சொல்லியிருக்க மாட்டார். உயிர் நுகர வேண்டியதைத் தடுத்துவிட்டான் என்று சித்தாந்தமும் சொல்லத் தேவையில்லை, ஏனெனில் நோய் வினைவழி வருமானால் மருந்தும் மருத்துவரும் வந்து சேர்வதும் அவ்வழியிலேதான். வலிக்குப் பொருள் காணும் உரிமை அதை நுகர்பவருக்கு மட்டுமே உண்டு. அருகில் இருப்பவருக்கு அந்த உரிமை இல்லை. தணிக்கும் கடமை மட்டுமே உண்டு.

அந்தக் கடமையின் பெரும்பகுதி, நரம்பு அறிவிக்காத இடத்தில் நிறைவேற்றப்பட வேண்டியது. ஆழ்துளைக் கிணற்று நீரையே குடிக்கும் ஊர்களில் சிறு குழந்தைகள் உள்ள வீட்டார், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் அந்நீரின் ஃபுளோரைடு அளவைச் சோதித்து அறிய வேண்டும். அளவு மிகுந்திருந்தால் குடிக்கவும் சமைக்கவும் காவிரிக் கூட்டுக் குடிநீரையோ மழைநீரையோ கொள்ள வேண்டும். காய்ச்சிக் குடித்தால் ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.